செம்மநத்தத்துக்குப் போகும் முன்

நண்பர் ஒருவர் மங்கோலியப் புல்வெளிக்குப் பயணம் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். ஜூலை மாதம் 11ஆம் தேதி அங்கே தொடங்கும் நாதாம் திருவிழாவைப் பார்த்துவிட்டு, மேய்ச்சல்காரர்களின் வட்டக் கூடாரம் ஒன்றில் சில நாள் தங்குவது அவர் திட்டம். இரண்டு மாதமாக அவர் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

கூடாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கெர். அதை நெருங்கும்போது தூரத்திலேயே நின்று 'நோஹோய் ஹோர்' என்று குரல் கொடுக்க வேண்டும். 'நாயைப் பிடியுங்கள்' என்று பொருள். நாயே இல்லாவிட்டாலும் அப்படித்தான் அழைக்க வேண்டும். நம் ஊரில் கதவைத் தட்டுவதற்கு அது சமம். உள்ளே நுழையும்போது நிலைப்படியை மிதிக்கக் கூடாது. நுழைந்ததும் இடப்பக்கமாக நகர வேண்டும். கொடுக்கும் பால் தேநீரை வலக்கையால் வாங்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் உதட்டிலாவது வைத்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். அடுப்பு நெருப்பில் குப்பையைப் போடக் கூடாது, அதை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. கூடாரத்துக்குள் சீட்டியடிக்கக் கூடாது. மேட்டு நிலங்களில் ஓவோ எனப்படும் கற்குவியலைக் கண்டால் ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டு மும்முறை வலம் வர வேண்டும்.

வாசித்து முடித்ததும் என் வீட்டுக் காப்பி டம்ளரை வலக்கையில் ஏந்தி, இடக்கையால் முழங்கையைத் தாங்கி, சற்றே குனிந்து வாங்கிப் பழகிக் காட்டினார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் செம்மநத்தம் நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே என்னோடு வந்தவரும் இதே நண்பர்தான்.

சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில் இருக்கிறது செம்மநத்தம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம் நாங்கள் நான்கு பேர் காரில் போயிருந்தோம். ஏற்காட்டு ஏரியும் பூங்காவும் அலுத்துப்போய், 'அசலான' மலைக் கிராமம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. போகிற ஊரைப் பற்றி ஒரு வரி படித்திருக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை பயண ஆயத்தம் என்பது பெட்ரோல் நிரப்புவதும், சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்குவதும்தான்.

ஒரு வீட்டின் முன்னால் காப்பிப் பழங்களைக் களத்தில் பரப்பி உலர வைத்திருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் திண்ணையோரம் அமர்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஒளி நன்றாக விழுந்திருந்தது. நண்பர் ஷூக் காலோடு களத்தின் ஓரத்தில் ஏறி நின்று, மண்டியிட்டு, நான்கைந்து படங்கள் எடுத்துவிட்டார். அந்த அம்மா முறத்தை மடியில் வைத்தார். குரலில் கோபமில்லை.

"ஏன் சாமி, கேட்டுட்டு எடுத்தா ஆவாதா?"

நண்பர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், படங்களை அழித்துவிடுவதாகச் சொன்னார். "இருக்கட்டும். ஒண்ணு போட்டுக் கொண்டாந்து குடுங்க" என்றார் அவர். பிறகு வெல்லம் போட்ட வரக்காப்பியும் கிடைத்தது. கண்டிப்பாகக் கொண்டுவருகிறோம் என்று நால்வரும் சொன்னோம். அந்தப் படம் இன்றுவரை அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

இந்தக் கட்டுரையின் காரணம் அதுதான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் வீட்டின் நிலைப்படியைப் பற்றி இத்தனை அக்கறை காட்டும் நாம், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வந்துவிடும் ஊரின் களத்தில் எப்படி அவ்வளவு எளிதாக ஏறி நின்றோம்?

நண்பரின் பட்டியலை மீண்டும் பாருங்கள். நிலைப்படியில் நிற்காதே, வலக்கையால் கொடு வாங்கு, அடுப்பைக் காலால் தொடாதே, கொடுத்ததை மறுக்காதே. இவற்றில் எதுவும் நமக்குப் புதிதல்ல. எல்லாம் நம் பாட்டிமார் அடித்துச் சொல்லித் தந்தவை. வேற்று மொழியில், வேற்று நாட்டில், 'பண்பாடு' என்ற தலைப்பின்கீழ் வரும்போது பக்தியோடு குறித்துக்கொள்கிறோம். சொந்த மொழி பேசும் ஊரில் அவற்றைக் கழற்றி வைத்துவிடுகிறோம். அறியாமை என்று இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அறிந்ததை யாரிடம் கடைப்பிடிக்க வேண்டும், யாரிடம் தேவையில்லை என்று நமக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் மலைக்காரர் கடைசியில் வருகிறார்.

மலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே இதைக் காட்டிக்கொடுக்கும். ஏற்காட்டில் சுற்றுலாப் பயணி பார்க்க வேண்டிய இடங்கள் என்று சொல்லப்படுபவை லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வரும் பெயர்கள். யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதைத்தான் அவை சொல்கின்றன. பார்க்கப்படுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அவற்றில் இடமில்லை. செம்மநத்தம் என்ற பெயரோ வேறு வகை. 'நத்தம்' என்றால் குடியிருப்பு. இன்றைக்கும் வருவாய்த் துறை ஆவணங்களில் மக்கள் வீடு கட்டி வாழும் நிலத்துக்கு அந்தச் சொல்தான். பாயிண்டுக்குப் போகிறவர் பார்வையாளர். நத்தத்துக்குப் போகிறவர் விருந்தாளி, அல்லது அத்துமீறி நுழைபவர். மூன்றாவதாக ஒரு நிலை அங்கே கிடையாது.

பகோடா பாயிண்ட் என்ற பெயருக்குக் காரணமே மலைமக்கள் அடுக்கி வைத்த கோபுரம் போன்ற கற்குவியல்கள்தான். இப்போது அங்கே ஒரு ராமர் கோயிலும் இருக்கிறது. மங்கோலியாவில் கற்குவியலை மும்முறை வலம் வரத் தயாராயிருந்த என் நண்பர், இங்கே அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று சிப்ஸ் தின்றார். நானும்தான்.

சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது மலையை ஆள்பவர், மலைவாழ்நர் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளிலும் இக்கதை பதிவாகியிருக்கிறது. மலை நாடுகளாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்கும் ஊருக்கும் தலைவர்களும், வழக்கைத் தீர்த்துவைக்கும் முறையும் இருந்தன. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்ததிலிருந்துதான் ஏற்காட்டின் வரலாற்றைத் தொடங்குகின்றன சுற்றுலா வழிகாட்டிகள். காப்பி வந்தபோது கேழ்வரகும் சாமையும் தினையும் விளைவித்துக்கொண்டிருந்தவர்கள் அதில் வருவதில்லை. தமிழகச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு. ஏற்காடு அவற்றில் ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று. தேர்தலுக்குத் தெரிந்த இந்த உண்மை கோடை விடுமுறைக்குத் தெரிவதில்லை.

பயணத்துக்கு முன் இந்த அளவாவது தெரிந்துகொள்வது முதல் ஆயத்தம். சுவெட்டர் அதற்குப் பிறகுதான்.

தமிழிலக்கியம் படிக்கிறவர்கள் இந்த விஷயத்தில் மங்கோலியாவரை போக வேண்டியதில்லை. வழிகாட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்தவர்கள் நாம். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தர் கூட்டம் ஒன்றைச் செங்கண்மாத்து நன்னனிடம் அனுப்பிவைக்கும் பாட்டு. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். சேர்வராயனிலிருந்து அதிகத் தொலைவில்லை. நன்னனின் புகழ் ஒருபுறம் இருக்கட்டும். பாட்டின் பெரும்பகுதி வழியைப் பற்றியது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கின்றன, விடிந்த பிறகு போங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தால் குகையில் தங்குங்கள். கடவுள் உறையும் இடத்தைத் தொழுது கடந்து செல்லுங்கள். வீணாக உங்கள் வாத்தியங்களைத் தொடாதீர்கள். (மலையில் எந்நேரமும் மழை பெய்யும் என்பது அதற்குப் பாட்டு சொல்லும் காரணம்.) சிற்றூரை அடைந்ததும் இன்னார் என்று சொல்லுங்கள், உறவினரைப் போல நடத்திச் சோறிடுவார்கள்.

இதில் எனக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. போகிறவர்கள் கலைஞர்கள், வாத்தியம் வாசிப்பதே அவர்கள் தொழில். அவர்களிடமே மலையில் வாத்தியத்தைத் தேவையின்றித் தொடாதீர்கள் என்று சொல்ல ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறது. காரின் நான்கு கதவுகளையும் திறந்துவைத்துப் பாட்டுப் போட்டு ஆடுகிற நம்மிடம் சொல்ல இன்று யாருமில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கட்டளையிட எனக்குத் தகுதியில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றை மீறியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் கடுமையாகவே இருக்கும். மழைக்காலத்தில் மூடுபனி சாலையை மறைத்துவிடும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏறுகிறவர் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது கடினம் என்பது அதன் நியாயம். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வர வேண்டும். இந்த மலையில் காட்டெருமைகள் நடமாடுகின்றன. சாலையில் கண்டால் ஹாரன் அடிக்காமலும், விளக்கைப் பாய்ச்சாமலும், இறங்கிப் படம் எடுக்காமலும் காத்திருப்பதே அறிவு. வழி அதற்கும் உரியது.

மாசி தொடங்கிக் கோடை மழை வரும் வரை காடு காய்ந்து கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் இறந்தது நமக்கு மறந்திருக்கக் கூடாது. வனத்துறை அனுமதியின்றிக் காட்டுப் பாதைகளில் நுழைவது வீரமல்ல. நமக்கு ஒன்று நேர்ந்தால் முதலில் ஓடிவரப் போகிறவர்கள் கீழ்நாட்டு நண்பர்கள் அல்லர், பக்கத்து ஊர்க்காரர்களே. அவர்களுடைய உயிரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறோம்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தடையை நடைமுறைப்படுத்துவது அரசின் வேலை. ஆனால் கொண்டுபோன பொட்டலத்தைத் திரும்ப எடுத்துவர ஆணை எதுவும் தேவையில்லை, ஒரு துணிப்பை போதும். மது பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை. காலியான பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டத்தை 2022இல் நீலகிரியில் தொடங்க வேண்டிவந்தது என்றால், உடைந்த கண்ணாடி காட்டில் எவ்வளவு கிடந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதன்மேல் நடப்பது விலங்கின் குளம்பும், விறகுக்குப் போகும் பெண்ணின் வெறுங்காலும்.

ஊருக்குள் நுழைவதைப் பற்றி. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போகலாம். எதிர்ப்படும் முதல் பெரியவரிடம் எங்கிருந்து வருகிறோம், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லலாம். சொல்லத் தக்க காரணம் நம்மிடம் இல்லையென்றால், அந்த இடத்திலேயே திரும்பிவிடுவதும் நல்லதுதான். ஊர்க் கவுண்டர் என்றோ பெரியவர் என்றோ சொல்லப்படுபவர் இருந்தால் அவரைப் பார்த்துவிட்டு மேலே போவது முறை. களத்தில் கிடப்பது ஓர் ஆண்டின் வருமானம். செருப்போடும் செருப்பின்றியும் அதில் ஏறக் கூடாது. தோட்டத்து ஆரஞ்சைப் பறிப்பதற்குப் பெயர் திருட்டு. 'ஒரு பழம்தானே' என்கிறவர் தம் வீட்டுத் தோட்டத்தில் அதை அனுமதிப்பாரா என்று பார்க்க வேண்டும். ஊற்றிலும் ஓடையிலும் சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாது. கீழே யாரோ அதைக் குடிக்கிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் விநியோகிப்பது தர்மம் போலத் தோன்றும். அடுத்து வரும் காரின் பின்னால் ஓடப் பழக்கிவிடுவதுதான் அதன் விளைவு. கொடுத்தே ஆக வேண்டுமானால் மிளகையும் காப்பியையும் அவர்களிடமே விலைக்கு வாங்குங்கள். கீழே இறங்கியதும் பெரிய கடையில் பேசாமல் கொடுக்கும் விலையை இங்கே பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

சேர்வராயன் கோயிலுக்கும் இது பொருந்தும். மலையுச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத்தில் அங்கே திருவிழா. சுற்றிலுமுள்ள மலைக் கிராமங்கள் திரண்டு வரும். அரசின் கோடை விழாவும் மே மாதத்தில்தான். ஒன்று நமக்காக நடத்தப்படுவது, மற்றொன்று அவர்கள் தமக்காக நடத்துவது. இரண்டையும் ஒரே விழாவின் இரு காட்சிகளாக நினைத்துக்கொள்வதிலிருந்து பல தவறுகள் தொடங்குகின்றன.

இதற்கெல்லாம் வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். சுற்றுலாவால்தானே அவர்களுக்குப் பிழைப்பு என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் விடுதியும் கடையும் நகரத்தில் இருக்கின்றன; செம்மநத்தம் போன்ற ஊர்களின் களத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நம் குப்பையும் சத்தமும்தான். இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது. பழங்குடிகளைப் புனிதப்படுத்தி, தொட்டால் உடைந்துவிடும் அருங்காட்சியகப் பொருளாக்குகிறீர்கள் என்பது அது. அந்த ஆபத்து உண்மைதான். அவர்கள் கையிலும் கைப்பேசி இருக்கிறது, அவர்கள் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போகிறார்கள். நான் கேட்பது சிறப்பு மரியாதை அல்ல. சேலத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டு முற்றத்தில் நாம் எப்படி நடந்துகொள்வோமோ, அதே சாதாரண மரியாதை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அரசு தீர்த்துவைக்கட்டும் என்றும் சொல்லலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் முறை வந்தது. மலை தாங்குமளவுக்குத்தான் வண்டிகள் ஏற வேண்டும் என்ற சிந்தனையை வரவேற்கிறேன். ஆனால் இ-பாஸ் வண்டிகளை எண்ணும். வண்டியிலிருந்து இறங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று அது கேட்காது.

உண்மையில் என்னை உறுத்தும் கேள்வி வேறு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது செம்மநத்தத்தைத் தேடிப் போனால்? அந்த ஊர் யாரையும் அழைக்கவில்லை. பார்க்கப்பட வேண்டும் என்ற கடமை எந்த ஊருக்கும் கிடையாது. ஆகவே போகாமலிருப்பதும் ஒரு மரியாதைதான் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். போவதென்றால், போவதற்கு ஒரு காரணமும் திரும்பி வருவதற்கு ஒரு பொறுப்பும் இருக்கட்டும்.

நண்பர் மங்கோலியா போய்த் திரும்பிவிட்டார். புல்வெளியில் குரல் கொடுத்தது, பால் தேநீர், ஓவோ எல்லாவற்றையும் நிறையச் சொன்னார். தாம் தங்கிய கூடாரத்துக் குடும்பத்தின் படங்களை அச்சிட்டு, தபாலில் அனுப்பியும் விட்டாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் உடனே புரிந்துவிட்டது. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, பழைய கணினியைத் திறந்து தேட ஆரம்பித்தார்.

முறத்தை மடியில் வைத்தபடி அந்த அம்மா நேராகப் பார்க்கும் படம் கிடைத்தது. அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு என் மேசைமேல் வைத்திருக்கிறோம். வருகிற தையில் கொண்டுபோவதாக ஏற்பாடு. அவர் இருக்கிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. இல்லையென்றால் அந்த வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். என்ன சொல்வது என்பதைத்தான் இப்போது இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.